குழிக்கும் கொட்டகைக்கும் நடுவே ஒரு மேஸ்திரி

மேஸ்திரி ஒரு கல்லைத் தட்டிப் பார்த்தால் போதும். சுத்தியலின் பின்பக்கத்தால் ஒரே ஒரு தட்டு. அந்தக் கல் உள்ளுக்குள் விரிசல் விட்டிருக்கிறதா, கிரஷரின் தாடைக்குள் போனால் சமர்த்தாக உடையுமா, இல்லை சண்டித்தனம் பண்ணி பெல்ட்டை அறுத்துப் போடுமா என்று அங்கேயே சொல்லிவிடுவார். இதைச் சொல்லிக்கொடுக்க உலகத்தில் ஒரு கல்லூரியும் கிடையாது. மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காத ஆள் என்று அவரைச் சிலர் கிண்டல் பண்ணுவார்கள். அது சுத்தப் பொய். மூன்றாம் வகுப்பில் பாதிவரை ஒதுங்கியிருக்கிறார். பன்னிரண்டு வயதில் தலையில் ஜல்லிக் கூடையோடு குவாரிக்குள் நுழைந்தவர், இருபத்தெட்டு வயதில் நாற்பது பேரைக் கட்டி மேய்த்தார். சிபாரிசு கிடையாது, யார் காலையும் பிடித்தது கிடையாது. படித்தவர்களில் எத்தனை பேர் இதை நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியும்?

அவரால் முடியும். ஆனால் அந்த நெஞ்சுதான் இப்போது அவரைப் பழிவாங்கிக்கொண்டிருந்தது.

முதலில் படியில் தெரிந்தது. கிரஷர் மேடைக்கு ஏற நாற்பது படிகள். சுத்தியலைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரே மூச்சில் ஏறுகிறவர், ஒன்பதாவது படியில் நின்று ஏதோ போல்ட்டைப் பரிசோதிக்கிற மாதிரி பாவனை செய்ய ஆரம்பித்தார். பிறகு ஆறாவது படியிலேயே போல்ட் லூசானது. கடைசியில் ஒரு நாள் தரையில் உட்கார்ந்துகொண்டு, ஏறாமலே எல்லோரையும் திட்டினார். அன்றோடு வேலை போயிற்று. பழைய முதலாளி கிரஷரை வேறொருவரிடம் தள்ளிவிட்டுப் பிள்ளைகளோடு போய் வெகுகாலம் ஆகியிருந்தது. புதியவர் பழைய ஆட்களின் பேச்சை எடுத்தாலே கை கழுவிக்கொண்டு எழுந்துவிடுவார்.

அரசாங்க ஆஸ்பத்திரியின் நெஞ்சு டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நுரையீரல் இருக்க வேண்டிய இடத்தில் சுண்ணாம்பு தெளித்த மாதிரி இருந்தது.

"எத்தனை வருஷம் கல்லுல இருந்தீங்க?"

"கிரஷர்ல மட்டும் முப்பத்தொண்ணு. அதுக்கு முன்னாடி சுமந்ததைச் சேக்கல."

"இப்ப அது உங்ககிட்ட இருக்கு. உள்ள உக்காந்துடுச்சு. எடுக்க முடியாது ஐயா, மறைக்காம சொல்லிடறேன். ஆனா வீட்டுல ஆக்சிஜன் மெஷின் இருந்து, ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் மூக்குல குழாய் மாட்டிக்கிட்டா, கொஞ்ச காலம் மனுஷனா நடமாடலாம்."

"குடுங்க, மாட்டிக்கிறேன்."

டாக்டர் சிரிக்கவில்லை. அந்த வார்டில் ஆக்சிஜன் வருகிற கட்டில்கள் இரண்டு. வரிசையில் பதினொரு பேர். ஆளுக்கு இரண்டு மணி நேரம் படுக்கவைத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு மெஷின் வேண்டுமென்றால், இது தொழிலால் வந்த நோய் என்று அதற்கென்று இருக்கிற குழு எழுதித் தர வேண்டும். எழுதித் தந்தால் மறு வாரமே மெஷின் வீட்டுக்கு வரும், பழுதானால் மாற்றிக்கூடத் தருவார்கள். டாக்டர் எழுதினால் செல்லாது.

"குழு எங்க இருக்கு?" என்று கேட்டார் மேஸ்திரி.

"அங்கதான் சிக்கல். ரெண்டு இருக்கு" என்றார் டாக்டர்.

இரண்டு குழு இருந்தால் இரட்டிப்பு நல்லதுதானே என்று நினைத்துக்கொண்டே மேஸ்திரி வீட்டுக்கு வந்தார். நாம் கொஞ்சம் பின்னால் போய், அந்தக் கிரஷரை அவர் எங்கே வைத்தார் என்பதைப் பார்த்துவிட வேண்டும். எல்லா வினையும் அங்கேதான் கிடக்கிறது.

கிரஷர் புதிதாக வந்தபோது நகரத்திலிருந்து ஒரு இன்ஜினியர் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு வந்தார். கல் வெட்டுகிற குழியிலிருந்து அறுபது தப்படி தள்ளிக் கொட்டகை. அதற்குள் கல் கொட்டுகிற தொட்டி, தாடை, சல்லடை எல்லாம். மேஸ்திரி அந்தக் காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "சார், தொட்டியைக் குழி விளிம்புலயே வைங்க. டிப்பர் பின்பக்கமா வந்து கவுத்துட்டுப் போயிடும். எதுக்கு ஊரைச் சுத்தணும்?" என்றார்.

"வரைபடத்துல அப்படி இல்லையேப்பா."

"வரைபடமா சார் கல்லு ஒடைக்கப் போகுது?"

முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். தொட்டி விளிம்புக்கு வந்தது. ஒரு டிப்பர் பத்து நடை போன இடத்தில் பதினாறு நடை போயிற்று. முதலாளி தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஸ்திரிக்குக் கட்டிவிட்டார். அந்த இன்ஜினியர் அதற்கப்புறம் எங்கே கிரஷர் போட்டாலும் இதே மாதிரிதான் போட்டாராம். ஆனால் யாரிடம் கற்றுக்கொண்டேன் என்று மட்டும் சொல்லவில்லையாம். மேஸ்திரி இதை முப்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்காதவர்களுக்கும் சொன்னார்.

அவர் கவனிக்காதது ஒன்றே ஒன்று. குவாரிக்கு அனுமதி கொடுத்தபோது அளவைக்காரர்கள் எல்லையில் மஞ்சள் பூசிய கற்களை நட்டிருந்தார்கள். இரண்டு மஞ்சள் கல்லுக்கு நடுவே கயிறு பிடித்தால், அந்தக் கயிறு சரியாகத் தொட்டி மேடைக்கு அடியில் போகும். மேடையின் இரண்டு கால் குவாரிக்குள். இரண்டு கால் வெளியே. யார் பார்த்தார்கள்? தூசி எல்லைக் கோட்டைப் பார்த்துக்கொண்டா பறக்கிறது?

முதலில் மாநிலத் தொழிற்சாலை அலுவலகத்துக்குப் போனார். அங்கே பிரிவுக் கிளார்க் ஒருவர், மூக்குப்பொடி நிறச் சட்டை போட்டவர், தாள்களைப் புரட்டினார்.

"பெரியவரே, நீங்க நின்ன மேடை குவாரி எல்லைக்குள்ள வருது. குவாரின்னா சுரங்கம். சுரங்கத்துல வேலை செய்யறவங்க பாதுகாப்பு மத்திய அரசோடது. அதுல நாங்க மூக்கை நுழைச்சா, எங்க மூக்கை அறுத்துடுவாங்க."

"தூசி என் மூக்குல நுழைஞ்சப்ப யாரும் அறுக்கலையே சார்."

கிளார்க் நல்ல மனிதர். நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார். மத்திய அலுவலகத்துக்கு ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தார்.

அது ஆறு மணி நேரப் பஸ் பயணம். மேஸ்திரியும் அவர் மனைவியும் போனார்கள். லிஃப்ட் உள்ள கட்டடம், குளிரூட்டிய அறை, மெல்லிய குரலில் பேசுகிற அதிகாரி. அவர் கடிதத்தைப் படித்துவிட்டு, "கிரஷர் மின்சாரத்தில ஓடுது. இருபது பேருக்கு மேல வேலை. ஒரு பொருளை இன்னொரு பொருளா மாத்துது. இது தொழிற்சாலை. தொழிற்சாலை மாநிலத்தோட பொறுப்பு. அவங்க வேலையை எங்க தலையில கட்டப் பாக்கறாங்க" என்றார். அவரும் தண்ணீர் கொடுத்தார். அவரும் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் வராந்தாவில் காத்திருந்த மனைவி கேட்டாள்: "என்னங்க சொன்னாங்க?"

"ரொம்ப மரியாதையா சொன்னாங்கடி."

"அதான் என்னத்த?"

"போயிட்டு வாங்கன்னு."

இப்படி ஒன்றரை வருடம் ஓடியது. கடிதம் போனது, கடிதம் வந்தது. இரண்டு அலுவலகமும் சேர்ந்து அவரைப் பந்தாடின என்று சொன்னால் பந்துக்கு அவமானம். பந்தையாவது காற்றடித்துத் துள்ளவிடுவார்கள். இதற்குள் அவருக்கு வீட்டிலிருந்து தெருமுனைவரை நடக்க நான்கு இடத்தில் நிற்க வேண்டியிருந்தது. படுத்தால் மூச்சு அடைத்தது. தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினார்.

மகள்தான் ஒரு வக்கீலைக் கண்டுபிடித்தாள். ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரு சின்ன அறை, ஒரே ஒரு மின்விசிறி, சுவர் நிறையச் சட்டப் புத்தகம். வக்கீலம்மாவுக்கு முப்பத்தைந்து வயதுதான் இருக்கும். மேஸ்திரி மாடிப்படி ஏறி வந்து பேச முடியாமல் உட்கார்ந்திருந்த பத்து நிமிடமும் அவள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அதிலேயே அவருக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

"ஐயா, இது ஆபீஸ் தகராறு மட்டும் இல்ல. அரசமைப்புச் சட்டம்வரைக்கும் போற விஷயம்" என்று ஆரம்பித்தாள். "நாட்டைக் கட்டும்போது, எந்த வேலை மத்திய அரசுக்கு, எந்த வேலை மாநிலத்துக்குன்னு பட்டியல் போட்டுப் பிரிச்சாங்க. அவங்க பட்டியல்ல இவங்க கை வெக்கக் கூடாது. இவங்க பட்டியல்ல அவங்க வெக்கக் கூடாது."

"கொத்தனாரும் தச்சரும் வேலை பிரிச்சுக்கிற மாதிரி."

"அப்படியேதான்."

"அப்ப ஜன்னல் சட்டத்தைச் சுவத்துல பொருத்தறது யார் வேலை? கொத்தன் மரவேலைம்பான். தச்சன் சுவர்வேலைம்பான்."

வக்கீலம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். "ஐயா, நான் அஞ்சு வருஷம் படிச்சதை நீங்க அஞ்சு வார்த்தையில சொல்லிட்டீங்க. உங்க கேஸே அந்த ஜன்னல்தான்."

மேஸ்திரிக்கு மூச்சு கொஞ்சம் சீராக வந்தது. "எங்க சைட்டுல அதுக்கு நான் இருந்தேம்மா. ரெண்டு பேரையும் நிக்கவெச்சு நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டா, ஜன்னல் தானா போய் உக்காந்துக்கும்."

"இங்க அந்த மேஸ்திரி நீதிமன்றம். ஆனா அவருக்கு ஜன்னல் நிறைய."

வழக்குப் போட்டாள். இரண்டு அலுவலகமும் ஒன்றாகப் போய் இடத்தை அளந்து, ஆள் எங்கே நின்று வேலை செய்தார் என்று விசாரித்து அறிக்கை தர வேண்டும் என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. போவதற்கு முதல் நாள் வக்கீலம்மா வீட்டுக்கே வந்து பாடம் நடத்தினாள்.

"எங்க வேலை செஞ்சீங்கன்னு கேப்பாங்க. கீழ, சல்லடை பக்கத்துலன்னு சொல்லுங்க. அது வெளிப்பக்கம், சுத்தமா மாநிலம். நீங்க பாதி நேரம் அங்கதான் இருந்தீங்க, பொய்யும் இல்ல. மாநிலக் குழு இந்த ஊர்லயே இருக்கு, ரெண்டு மாசத்துல முடிச்சுடலாம். கேட்டதுக்குப் பதில். கேக்காததுக்கு வாயே திறக்கக் கூடாது. சரியா?"

"சரிம்மா."

"அவருக்கு வேற எது வேணா சொல்லுங்க" என்றாள் மனைவி. "வாயை மூடிக்கன்னு மட்டும் சொன்னா நடக்காது."

மறுநாள் கிரஷரை நிறுத்தி வைத்திருந்தார்கள். அவர் அதை ஓடாமல் பார்ப்பது அபூர்வம். மாநிலத்துக்காரர் ஒரு முனையிலிருந்து டேப் பிடித்தார், மத்தியத்துக்காரர் மறுமுனையிலிருந்து பிடித்தார். டேப்பைப் பங்குபோட்டுக்கொள்ளக்கூட ஒத்துக்கொள்ளாமல் ஆளுக்கொன்று கொண்டுவந்திருந்தார்கள். மஞ்சள் கல்லுக்கும் மஞ்சள் கல்லுக்கும் கயிறு கட்டினார்கள். கயிறு மேடைக்கு அடியில் போய் மறுபக்கம் வந்தது.

"நீங்க எங்க நின்னு வேலை செஞ்சீங்க?"

"கீழங்க. சல்லடை பக்கம்."

வக்கீலம்மா நிம்மதியாக மூச்சு விட்டாள். மாநிலத்துக்காரர் முகம் சுருங்கியது, எழுதிக்கொண்டார். அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. மத்தியத்துக்காரர் வரைபடத்தைப் பிரித்து, தொட்டியைப் பார்த்து, மறுபடி வரைபடத்தைப் பார்த்தார்.

"இது இங்க இருக்கக் கூடாதே. அறுபது தப்படி தள்ளியில்ல போட்டிருக்கு? யாரோ விவரம் தெரியாதவன் பண்ண வேலை."

மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். சட்டைதான் அவள் கையில் நின்றது, ஆள் நிற்கவில்லை.

"யாரு சார் விவரம் தெரியாதவன்? நான் வெச்சது சார் அது! அங்க வெச்சிருந்தா ஒரு நாளைக்குப் பத்து நடை. இங்க வெச்சதுனால பதினாறு. உங்க வரைபடத்துல அது இருக்கா?"

"ஐயா…" என்றாள் வக்கீலம்மா.

"இருங்கம்மா. இவங்களுக்குத் தெரியணும்." அவர் படியில் ஏற ஆரம்பித்துவிட்டார். ஒவ்வொரு படிக்கும் நின்று, கம்பியைப் பிடித்து, இருமி, நாற்பது படியும் ஏறினார். யாரும் தடுக்கவில்லை. மேலே போய் நின்றபோது உதடு நீலமாக இருந்தது. அங்கிருந்து குரல் விட்டுவிட்டு வந்தது.

"இங்க நின்னு… கடப்பாறையால கல்லைத் தள்ளுவேன். டிப்பர் கவுக்கும்போது இங்கதான். அப்புறம் கீழ ஓடுவேன், சல்லடைக்கு. மறுபடி மேல. எனக்குப் பதிலா எவனும் செய்ய முடியாது சார். நான் இல்லாம ஒரு கல்லு அந்தப் பக்கத்துலேர்ந்து இந்தப் பக்கம் வராது!"

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை மேல கீழ போவீங்க?" என்று மாநிலத்துக்காரர் ரொம்ப அன்பாகக் கேட்டார்.

"முப்பது. நாப்பது. மூச்சு விடாம."

இருவரும் எழுதிக்கொண்டார்கள். எழுதி முடித்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டபோது, காலையிலிருந்து முதல் முறையாக இரண்டு பேரும் புன்னகைத்தார்கள்.

திரும்பி வரும்போது வண்டியில் மனைவி ஆரம்பித்தாள்.

"அந்தத் தாடையில கல்லுக்குப் பதிலா உங்க வாயைக் குடுத்திருக்கணும்."

"அவன் என்னை விவரம் தெரியாதவன்னு சொன்னான்டி."

"சொல்லிட்டுப் போறான். விவரம் தெரியாதவன் என்ன, மூச்சு விட மாட்டானா?"

அதற்கு அவரிடம் பதில் இருந்தது. சொல்வதற்கு மூச்சு இல்லை. அந்தப் படிகள் ஏறியதற்கு மூன்று நாள் படுத்துக்கிடந்தார்.

உயர் நீதிமன்றத்தில் அறிக்கைகள் வந்தன. ஒரே ஆள், ஒரே வேலை, ஒரே நாளில் நாற்பது தடவை மத்திய அரசிலிருந்து மாநிலத்துக்கும் மாநிலத்திலிருந்து மத்திய அரசுக்கும் ஏறி இறங்கியிருக்கிறார். அவருக்கு எந்தச் சட்டம்? பாதிப் பாதியா? எந்தப் பாதித் தூசி நுரையீரலைக் கெடுத்தது? இரண்டு அரசு வக்கீல்களும் அரை நாள் வாதாடினார்கள். மேஸ்திரி கடைசி பெஞ்சில் மனைவியின் தோளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பேசியது விளங்கவில்லை. ஆனால் இத்தனை கறுப்பு அங்கிகள் தன் தொட்டியைப் பற்றித்தான் பேசுகின்றன என்பது விளங்கியது. அந்தத் தொட்டியை முப்பது வருடத்துக்கும் முன்னால் தலைகீழாகப் பிடித்த காகிதத்தில் விரலால் காட்டியவர் அவர். வேறு எந்தக் கல்லுடைக்கிறவனுக்காக இரண்டு அரசாங்கங்கள் இப்படி மல்லுக்கட்டியிருக்கின்றன?

நீதிபதி, இது மிக முக்கியமான அரசமைப்புக் கேள்வி, அதிக நீதிபதிகள் கொண்ட அமர்வுதான் தீர்க்க வேண்டும் என்றார்.

"நல்லதாம்மா?" என்று வெளியே வந்ததும் கேட்டார்.

வக்கீலம்மா கொஞ்சம் தயங்கினாள். "கேள்வி பெருசாயிடுச்சு ஐயா. கேள்வி பெருசாக ஆகப் பதில் தள்ளிப் போகும். ஆனா ஒண்ணு, தீர்ப்பு வந்தா உங்க பேர்லதான் வரும். சட்டம் படிக்கிற பிள்ளைங்க எல்லாம் உங்க பேரைப் படிப்பாங்க."

அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு அவர் ஆறு மாதம் ஓட்டினார். பார்க்க வந்தவர்களிடம் எல்லாம் சொன்னார். மூன்றாம் வகுப்பு தாண்டாத ஆளின் பேரைப் பட்டம் வாங்குகிறவன் மனப்பாடம் பண்ணப் போகிறான். மகள் அழுவாள், அவர் அதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டார்.

ஆறாவது மாதம் வக்கீலம்மா வந்தாள். ஒரு பெரிய சுரங்கக் கம்பெனி இதே மாதிரிக் கேள்வியோடு உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. மேஸ்திரியின் வழக்கை அதோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். தேதி சொல்லவில்லை.

"தீர்ப்பு என் பேர்லதானே?"

அவள் கையிலிருந்த தாளை மடித்தாள். "கம்பெனி பேர்ல ஐயா. நம்மது… சேர்க்கப்பட்ட மனுக்கள்ல பதினேழாவது."

அவர் தலையணையில் சாய்ந்து கூரையைப் பார்த்தார். பதினேழாவது ஆளாக அவர் எந்த வரிசையிலும் நின்றதில்லை.

வக்கீலம்மா சும்மா இருக்கவில்லை, உடும்புப் பிடியாகப் பிடித்து ஒரு இடைக்கால உத்தரவு வாங்கினாள். கேள்வி தீரும்போது தீரட்டும். அதற்குள் இரண்டு குழுவின் டாக்டர்களும் சேர்ந்து வீட்டுக்கே போய்ப் பரிசோதிக்க வேண்டும். நோய் என்று இருவரும் எழுதினால் உடனே மெஷின் தர வேண்டும். செலவை அரசுகள் பின்னால் தங்களுக்குள் பிரித்துக்கொள்ளட்டும். எக்ஸ்ரே ஏற்கெனவே இருந்தது. மிச்சம் இருந்தது ஊதிக் காட்டுகிற சோதனை ஒன்றுதான்.

"ஒரு குழாய்ல வேகமா ஊதணும். அவ்வளவுதான் ஐயா. ஊதிட்டீங்கன்னா மறு வாரம் மெஷின்."

"ஊதறதா? நான் ஊதி டயர் வெடிச்சிருக்கு" என்றார் மேஸ்திரி. இரண்டு வரியையும் நான்கு தவணையில் சொன்னார்.

டாக்டர்கள் வருவதற்கு முன்னால் இரண்டு நாள் அவர் வாயைத் திறக்கவில்லை. மூச்சைச் சேமித்து வைக்கிறாராம். சைகையிலேயே தண்ணீர் கேட்டார், சைகையிலேயே சண்டை போட்டார். மனைவி, "கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்துல வீடு இப்பத்தான் நிம்மதியா இருக்கு" என்றாள். சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள்.

காலை பத்து மணிக்கு இரண்டு ஜீப்புகள் வந்தன. இரண்டு டாக்டர்கள், இரண்டு பெட்டிகள், இரண்டு கருவிகள். இருவரும் நல்லவர்கள், வாசலிலேயே செருப்பைக் கழற்றினார்கள். முன்னறையில் இடம் போதாமல் கட்டிலின் இரண்டு பக்கமும் நின்றார்கள். மேஸ்திரி நிமிர்ந்து உட்கார்ந்து, சட்டைப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு தயாரானார்.

"நீங்க ஆரம்பிங்க டாக்டர்" என்றார் மாநில டாக்டர்.

"இல்லல்ல, நீங்க ஆரம்பிங்க."

மரியாதை என்று மனைவி நினைத்தாள். மரியாதை இல்லை. யார் முதலில் சோதிக்கிறார்களோ அவர்கள்தான் பொறுப்பை ஏற்றுக்கொண்டார்கள் என்று நாளைக்கு நீதிமன்றத்தில் சொல்லிவிடுவார்கள் என்று இரண்டு பேருக்கும் மேலிடத்தில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். இருவரும் வாசலுக்குப் போய் ஆளுக்கொரு போனில் பேசினார்கள். அரை மணி நேரம். மேஸ்திரி நிமிர்ந்த முதுகு நிமிர்ந்தபடியே உட்கார்ந்திருந்தார். நெற்றியில் வியர்வை கோடு கோடாக இறங்கியது.

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சீட்டுப் போட்டு யார் முதல் என்று எடுப்பது. அதன் பிறகு மாற்றி மாற்றி, இந்தக் கருவியில் ஒரு ஊதல், அந்தக் கருவியில் ஒரு ஊதல். விதிப்படி ஒவ்வொன்றிலும் மூன்று நல்ல ஊதல் வேண்டும்.

"அப்ப ஆறு தடவையா?" என்றாள் மனைவி. "ஒரே குழாய்ல ஊதட்டும், ரெண்டு பேரும் பாத்து எழுதிக்குங்களேன்."

"முடியாதும்மா. அவங்க கருவியை எங்க ஆபீஸ் ஒத்துக்கலை."

"எங்க கருவியை அவங்களும் ஒத்துக்கலை" என்றார் மற்றவர், வருத்தத்தோடு.

முதல் ஊதல் நன்றாகவே இருந்தது. இரண்டு நாளாகச் சேர்த்து வைத்தது எல்லாம் அதில் போயிற்று. டாக்டர் "பலே" என்றார். மேஸ்திரி மனைவியைப் பார்த்துக் கண்ணடித்தார். இரண்டாவது குழாய் வாய்க்கு வந்தது. கன்னம் உப்பியது, கழுத்து நரம்பு புடைத்தது, திரையில் கோடு கொஞ்சம் ஏறிப் படுத்துக்கொண்டது. மூன்றாவதில் பாதியில் இருமல் பிடித்துக்கொண்டது. அது அடங்கக் கால் மணி நேரம் ஆயிற்று. "போதும், விட்டுடலாமா?" என்று கேட்டார்கள். அவர் கையை நீட்டிக் குழாயைப் பிடுங்கிக்கொண்டார். நான்காவதில் கோடு அசையவே இல்லை. ஐந்தாவதில் குழாய் அவர் பல்லில் மோதிக் கீழே விழுந்தது. ஆறாவதற்கு அவர் வாயைத் திறந்தபடி காத்திருந்தார், யாரும் கொண்டுவரவில்லை.

அவர்கள் இரண்டு பேரும் முதுகைத் திருப்பிக்கொண்டு, ஆளுக்கொரு படிவத்தில் எழுதினார்கள். நகலைக் கட்டிலில் வைத்தார்கள். "உடம்பைப் பாத்துக்குங்க பெரியவரே" என்று இரண்டு பேரும் சொன்னார்கள். ஜீப்புகள் கிளம்பின.

அவர் மனைவியிடம் தாளைக் காட்டி, விரலால், படி என்றார்.

அவள் ஒன்றைப் படித்தாள். பிறகு மற்றதை எடுத்துப் பார்த்தாள். மூன்று வருடத்தில் முதல் தடவையாக இரண்டு அரசாங்கமும் ஒரே மாதிரி எழுதியிருந்தன. அச்சடித்த வரிகளில் ஒன்றுக்கு நேரே இரண்டு பேரும் டிக் போட்டிருந்தார்கள்.

"என்ன?" என்று உதடு அசைந்தது.

அவள் மறைக்க நினைத்தாள். மறைத்தால் மகள் வந்ததும் அவளிடம் கேட்பார். "நோய் இருக்கா இல்லையான்னு சொல்ல முடியலையாம்ங்க."

"ஏன்?"

"நோயாளியின் முயற்சி போதவில்லை."

முப்பத்தொரு வருடத்தில் அவரைப் பற்றி எவனும் அப்படிச் சொன்னதில்லை. முதலாளி சொன்னதில்லை, அந்த இன்ஜினியர் சொன்னதில்லை, அவருக்கு ஆகாத கூலியாட்கள்கூடச் சொன்னதில்லை. அவர் முகம் சிவந்தது, கை எழும்பியது. சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது என்பது அவளுக்குத் தெரியும். வாய் திறந்து, தொண்டை அசைந்து, உள்ளேயிருந்து கரகரவென்று ஒரு சத்தம் மட்டும் வந்தது.

"பேசாதீங்க" என்றாள் அவள். "இன்னொண்ணும் எழுதியிருக்காங்க. ஆறு மாசம் கழிச்சு மறுபடி விண்ணப்பிக்கலாமாம்."

அவர் அவளையே பார்த்தார். அவள் தாளை மடித்துத் தலையணைக்கடியில் வைத்துவிட்டு, ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறந்துவைத்தாள். ஏற்கெனவே முழுவதும் திறந்துதான் இருந்தது.